ஆளுக்கொரு வாசல்

எனக்கு எழுத்து ஓட்டமாக வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். சொல்ல வந்ததை நடுவில் மறந்தும் போவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இந்த ஓஹையோ வீட்டில் கடுகு தாளித்தால், புகையைக் கண்டுபிடிக்கக் கூரையில் ஒட்டியிருக்கும் வெள்ளை வில்லை ஒன்று வீல் வீலென்று அலறும். மருமகள் துண்டை வீசிக்கொண்டு ஓடி வருவாள், பேத்தி சிரிப்பாள். என் கண் மட்டும் பின்கதவைத் தேடும், திறந்திருக்கிறதா என்று.

அது சிவகாசிப் பழக்கம். ஆனைக்குட்டம் போகிற வழியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நானும் என் அக்கா பாக்கியமும் ஒரே அறையில் வேலை பார்த்தோம். அறைக்கு நாலு பேர், நாலு வாசல். என்ன ஆனாலும் அவரவர் வாசல் வழியாக ஓடிவிட வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது, அடுத்தவளைத் தேடக் கூடாது, வேப்பமரத்தடியில் சேர்ந்துகொள்ளலாம் என்பது சட்டம். ஒருநாள் பக்கத்து அறையில் புகை கிளம்பியது. அக்கா ஒரு வாசல், நான் ஒரு வாசல். மரத்தடிக்கு யார் போனது? நான் அவளைத் தேடிக் கட்டடத்தைச் சுற்றுகிறேன், அவள் என்னைத் தேடிச் சுற்றுகிறாள். இருவரும் ஒரே பக்கமாகச் சுற்றியதால் கண்ணில் படவே இல்லை. கடைசியில் போர்மேன்தான் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஒருத்தி நின்னாத்தான இன்னொருத்தி வந்து சேர முடியும்? செக்குமாடு கணக்கா சுத்துறீக!" அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது.

பிறகு அக்கா தன் மகளோடு கனடா போனாள், நான் மகன் செல்வத்தோடு இங்கே வந்தேன். வரைபடத்தில் பேத்தி காட்டினால் விரல்கடை தூரம்தான். ஆனால் கனடா விசாவுக்கு எழுதிப்போட்டு ஒருமுறை இல்லையென்று வந்துவிட்டது. இந்த வருஷம் அக்கா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இனி அவள் பயணம் போக முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நல்லவேளை, இந்த முறை விசா கிடைத்தது. விடியுமுன் காரில் கிளம்பினோம். வழியெல்லாம் சோளக்காடு, கரிசல் மாதிரியே பரந்து கிடக்கிறது, ஆனால் களை பறிக்க ஒரு ஆள் இல்லை, ஒரு டீக்கடை இல்லை. என் மடியில் அக்காவுக்குச் சாத்தூர் சேவு. ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர் கொண்டுவந்தது. நம் ஊர் வழக்கப்படி கையில் கிடைத்த காலிப் பட்டாசுப் பெட்டியில் போட்டுக் கட்டியிருந்தார்.

பெரிய பாலம் தாண்டி கனடா எல்லைச் சோதனைக் கூண்டில் கார் நின்றது. உள்ளே இருந்த அம்மாள் என் மடியைப் பார்த்தார். பெட்டியின் மேல் ராக்கெட் படம், பொறி பறக்கிறது! செல்வத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஸ்நாக்ஸ், ஒன்லி ஸ்நாக்ஸ்" என்கிறான். பெட்டியை வாங்கிக்கொண்டு எங்களை உள்ளே உட்காரச் சொன்னார்கள். பெரிய கூடம், இரண்டே வாசல். நான் பேத்தியையும் மருமகளையும் அந்தக் கதவோரம் அனுப்பிவிட்டு, செல்வத்தோடு இந்தக் கதவோரம் உட்கார்ந்தேன். ஒன்றாக உட்காரச் சொல்லி அதிகாரி கை காட்டினார். உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் என்னை அறியாமல் எழுந்து கதவுப் பக்கம் போய்விட்டேன். அவர் முகம் மாறிப்போனது. போனில் ஒரு தமிழ்ப் பெண்ணைக் கூப்பிட்டுப் பேச வைத்தார். யாழ்ப்பாணப் பேச்சு.

"அம்மா, ஏன் எழும்பி எழும்பிக் கதவடிக்குப் போறியள் எண்டு கேக்கினம்."

"பட்டாசு ஆபீஸ்ல பழகுனது தாயி. எல்லாரும் ஒரே வாசல நம்பி உக்காரப்படாது. அதுல சேவுதான் இருக்கு. எங்க அக்காவப் பாக்கப் போறேன், அவளால எந்திரிச்சு வர முடியாது, சொல்லுங்க தாயி."

"குண்டு விழுற நேரம் எங்கட வீட்டிலயும் அம்மா அப்பிடித்தான் எங்களைப் பிரிச்சுப் பிரிச்சு இருத்துவா" என்றது அந்தக் குரல். பிறகு ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ சொன்னாள். அதிகாரி பெட்டியைத் திறந்து முகர்ந்தார், மிளகாய் நெடியில் தும்மினார், கட்டித் திருப்பித் தந்தார். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன்.

அக்கா இருக்கும் ஸ்கார்பரோவில் உயரமான கட்டடம். அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள், பாதியாகிவிட்டாள். வாய் மட்டும் குறையவில்லை.

"ஏட்டி, என்ன இம்புட்டு நேரம்? பிடிச்சு வச்சுட்டாகளோ?"

"எல்லாம் உன் சேவாலதான்."

"சேவக் குடுத்துட்டு அழு." ஒன்றை எடுத்துக் கடித்தாள். "நமுத்துப்போச்சு. நீ மடியில வச்சே அவிச்சிருக்க."

இரண்டு நாளும் அவள் பக்கத்திலேயே படுத்தேன். அந்தப் பட்டாசு அறையில் கிழக்கு வாசல் தன்னுடையது என்று அவளும், என்னுடையது என்று நானும் சண்டை போட்டோம். கிளம்பும்போது, "இனி எப்பட்டி வருவே?" என்றாள். செல்வத்தின் லீவு, விசா, என் முழங்கால், எதை நம்பிச் சொல்ல? அவள் போர்வையை இழுத்துவிட்டேன். அவளே என் கையைத் தட்டிவிட்டாள்.

"போர்மேன் சொன்னாருல்ல. இந்தத் தடவ நான் நிக்கேன். நீ சுத்தி வா."

திரும்பும்போது பாலத்தின் நடுவில் கார்கள் நகராமல் நின்றன. முன்னே ஒரு நாட்டுக் கொடி, பின்னே ஒரு நாட்டுக் கொடி. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதுதான் சட்டம். நான் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்தக் கம்பெனியில் எங்களோடு வேலை பார்த்த யாராவது இதைப் படித்தால், நான் எழுதியது சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள். கிழக்கு வாசல் யாருடையது? அன்றைக்கு நாங்கள் எந்தப் பக்கமாகச் சுற்றினோம்? எனக்கு மறந்துபோச்சு. இனி நான் ஒருத்திதான் சுற்ற வேண்டும், தெரிந்தால் நல்லது.