ஒரு மணி நேரம் ஆகும்

எங்கள் ஸ்கேன் பிரிவில் காந்தக்கா வருகிறாள் என்றால் பெரிய டாக்டர்கள்கூடச் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். ஒருமுறை கத்தரிக்கோலோடு உள்ளே நுழையப் பார்த்த அறுவை சிகிச்சை டாக்டரைக் காலரைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினாள். மனிதர் சுவரில் மோதி, மூக்கில் ரத்தத்தோடு நின்றார். "புகார் குடுங்க சார். உயிரோட இருந்தாத்தானே குடுக்க முடியும்?" என்று அவர் கையில் பஞ்சை வைத்துவிட்டுப் போய்விட்டாள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் அந்தக் காந்த அறையில் படம் எடுப்பவள் அவள், வாசலில் நிற்பவள் நான். வருகிறவர்களின் நகை, சாவி, பெல்ட், கைபேசி எல்லாவற்றையும் கழற்றி வாங்கி வைப்பது என் வேலை. எனக்கும் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும், அதனால் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனது.

அவளுடைய வலது மோதிர விரல் பாதியில் நிற்கும். மீதியை வாங்கியது அந்த இயந்திரம். வேலைக்கு வந்த புதிதில் எவனோ இரும்பு ஆக்ஸிஜன் சிலிண்டரை உள்ளே உருட்டிக்கொண்டு வந்துவிட்டான். சிலிண்டர் தரையை விட்டு எழும்பிப் பறந்து வந்தது. படுத்திருந்த கிழவரின் தலையை அவள் ஒரு கையால் கீழே அமுக்க, சிலிண்டர் அந்தக் கையை உரசிக்கொண்டு போய் மோதியது. கிழவர் பிழைத்தார், விரல் பிழைக்கவில்லை. அன்று முதல் வருகிற ஒவ்வொருவரிடமும் கத்திச் சொல்வாள்: "சத்தம் படம் எடுக்கிறப்ப மட்டும்தான். சத்தம் நின்னா காந்தம் நின்னுடுச்சுன்னு நினைக்காதீங்க. அது எப்பவும் முழிச்சுக்கிட்டேதான் இருக்கும்."

ஆனால் அவள் இவ்வளவு முரடானதற்குக் காரணம் அந்த விரல் இல்லை, கூடப் பிறந்த அக்கா. அக்காவைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து ஏதாவதொரு கட்டோடுதான் பார்க்க முடியும். "குளியலறையில வழுக்கி விழுந்துட்டா" என்று புருஷன்காரன் சொல்வான், அக்கா தலையாட்டுவாள். கடைசியாக ஒருநாள் விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லை. சாவு வீட்டில் எல்லோரையும் விட உரக்க அழுதவன் அவன்தான். அப்போது காந்தக்கா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். கிடந்த மர நாற்காலியைத் தூக்கி அத்தனை பேர் முன்னாலும் அவன் தோளில் அடித்து உடைத்தாள். போலீஸ் பிடித்துப் போய் உட்கார வைத்தது இவளைத்தான், அவனை இல்லை.

அந்த அடியில் அவள் மனம் ஆறவில்லை. "எங்கக்கா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்டி. ஆனா எங்க சொல்லுவா? அவன்தான் பக்கத்தை விட்டு நகரவே மாட்டானே" என்று இன்றும் புலம்புவாள்.

போன வருடம் எங்களுக்குப் புது முறை வந்தது. அதற்கு முன்னால் தசையில் தண்ணீர் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, தேங்கிய ரத்தத்தின் இரும்பு எவ்வளவு என்று அளக்க ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஸ்கேன் வேண்டும். நோயாளி அதுவரை அசையாமல் கிடக்க வேண்டும். வலியில் துடிக்கிறவர் எப்படிக் கிடப்பார்? அசைந்தால் அத்தனையும் பாழ். புது முறையில் இயந்திரம் தாளத்தை மாற்றி மாற்றித் தட்டுகிறது, ஒவ்வொரு திசுவும் தன் பாணியில் பதில் கொடுக்கிறது. கதவைத் தட்டுகிற விதத்திலேயே வந்திருப்பது யார் என்று வீட்டில் கண்டுபிடிப்போமே, அதுபோலக் கணினி அந்தப் பதிலைக் கேட்டு, திசுவின் நிலையை எண்ணாகவே போட்டுவிடுகிறது. எல்லாம் சில நிமிட வேலை.

மிச்சமான நேரத்தில் இன்னும் நாலு பேரைப் படுக்க வைக்கலாம் என்று நிர்வாகம் கணக்குப் போட்டது. காந்தக்காவின் கணக்கு வேறு. ஒரு பெண்ணுக்குப் பதிலாக அவள் கூட வந்த ஆள் வாயைத் திறந்தால் போதும், "ஒரு மணி நேரம் ஆகும், வெளியே உட்காருங்க" என்று சொல்லிவிடுவாள். ஸ்கேன் முடிந்ததும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப்போய்ப் பக்கத்தில் உட்காருவாள். எதுவும் கேட்க மாட்டாள். சிலர் அழுதார்கள். சிலர் நிம்மதியாகத் தூங்கினார்கள். ஒருத்தி கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்துவிட்டு, "நல்லா இருந்துச்சு" என்று சொல்லிப் போனாள்.

அப்படி ஒருநாள் காலை வந்தவன் லாரி மெக்கானிக். பட்டறையிலிருந்து நேரே வந்திருந்தான். எண்ணெய்க் கறை உடுப்பு, தோளில் கருவிப் பை. மனைவியால் உட்கார முடியவில்லை, சுவரில் சாய்ந்தே நின்றாள். சிறுநீர் சிவப்பாகப் போகிறது, தசை நசுங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறதோ என்று சந்தேகப்பட்டு அனுப்பியிருந்தார்கள்.

"எங்கம்மா வலிக்குது?" என்று அவளைக் கேட்டேன்.

"இடுப்புல" என்றான் அவன். "படியில வழுக்கி விழுந்துட்டா."

"ஏன், அவங்க வாய்க்கு என்ன பூட்டா போட்டிருக்கு?"

"உன் வேலையைப் பாரு."

வழுக்கி என்ற சொல் காதில் விழுந்ததும் காந்தக்கா உள்ளேயிருந்து வந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. குரல் மட்டும் தேனாக வந்தது. "ஒரு மணி நேரம் ஆகும் சார். போய் டீ குடிச்சுட்டு வாங்க."

அந்தப் பெண்ணுக்கு உடை மாற்றிவிட்டது நான். முதுகில் பெல்ட் கொக்கி அச்சு அச்சாகப் பதிந்திருந்தது. தொடை முழுக்கக் கருநீலம். அவனை அங்கேயே நாலு அறை விடலாம் போலிருந்தது.

இயந்திரம் தட்டத் தொடங்கி, சீக்கிரமே ஓய்ந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஸ்கேன் டாக்டரம்மா திரையில் வண்ணப் படத்தைக் காட்டினார். "இங்க பாரு, தண்ணி கோத்திருக்கு, இது புதுசு. இங்க இருக்கிறது பழைய ரத்தம். இந்த இடத்துல தசையே போய்க் கொழுப்பாயிடுச்சு, அது இன்னும் பழசு. ஒருத்தி எத்தனை தடவைதான் படியில விழுவா?" பிறகு பெருமூச்சு விட்டார். "ஆனா அடிச்சது யாருன்னு இந்த எண்ணு சொல்லாது. அவதான் சொல்லணும். சொல்லலைன்னா இன்னைக்கும் அவன்கூடத்தான் போவா."

காந்தக்கா நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு சற்றுத் திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது.

"முடிஞ்சுதா?" என்றாள் அந்தப் பெண்.

"உனக்கு முடிஞ்சுது. வெளியே இருக்கிறவருக்கு இன்னும் ரொம்ப நேரம் இருக்கு."

காந்தக்கா அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா," என்றாள் அவள், "நான் வழுக்கல."

பிறகு மடை திறந்த மாதிரி கொட்டினாள். பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு அடித்தது, வாயில் எண்ணெய்த் துணியை அடைத்தது, அடுத்த தடவை உயிரோடு விடமாட்டேன் என்று சொன்னது. மைக் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த டாக்டரம்மா கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்தே போலீசுக்குப் போன் போட்டார்.

நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதே அவன் நடைவழியில் வந்து நின்றான். "என்ன, சத்தத்தைக் காணோம்?"

"இன்னும் முடியல. உட்காருங்க."

அவன் கதவிடுக்கு வழியாகப் பார்த்தான். மனைவியின் உதடு அசைவது தெரிந்திருக்க வேண்டும். பைக்குள் கையை விட்டு முழங்கை நீளத்துக்கு ஒரு ஸ்பேனரை உருவினான். நான் குறுக்கே நின்றேன். ஒரே வீச்சுதான். என் தோள் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுந்த என்னை மிதித்துக்கொண்டு உள்ளே போனான்.

"என்னடி சொல்லிக்கிட்டிருக்கே அவகிட்ட? இன்னைக்கு உன்னைக் கொன்னுட்டுத்தான்டி மறுவேலை!"

காந்தக்கா அந்தப் பெண்ணைப் படுக்கையிலிருந்து இழுத்து மூலையில் தள்ளி, முன்னால் நின்றாள். "டேய், இரும்பைக் கீழ போடு! காந்தம் இருக்கு, கையை விட்டுடு!"

"யாருக்குக் காது குத்துற? மெஷின் எப்பவோ நின்னாச்சு!"

இன்னும் இரண்டு எட்டு வைத்தான். ஸ்பேனர் அவன் கையில் தானாக எழும்பியது. வேறு யாராவது என்றால் பயந்து விட்டிருப்பார்கள். கருவி நழுவினால் கெட்டியாகப் பிடித்துப் பழகிய கை அது, இன்னும் இறுக்கியது. ஸ்பேனர் அவனையும் இழுத்துக்கொண்டு போய் இயந்திரத்தின் விளிம்பில் அறைந்தது. நடுவில் அவன் விரல்கள். வெள்ளை விளிம்பில் ரத்தம் வழிந்தது. அவன் போட்ட அலறல் இயந்திரத்தின் சத்தத்தை விடப் பெரிதாக இருந்தது.

சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால்தான் காந்தம் சாகும். காந்தக்கா முதலில் அந்தப் பெண்ணிடம் போனாள். உடையின் நாடாவைக் கட்டிவிட்டாள். செருப்பைத் தேடி எடுத்துக் காலில் மாட்டிவிட்டாள். தோளில் கை போட்டு, சுவரோரமாக மெல்ல நடத்திக்கொண்டு வந்து டாக்டரம்மாவிடம் ஒப்படைத்தாள்.

"எடுங்க! ஐயோ, கையை எடுத்து விடுங்க!" என்று அவன் கதறினான்.

காந்தக்கா பொத்தானுக்குப் பக்கத்தில் போய் நின்று அவனைத் திரும்பிப் பார்த்தாள். "ஒரு மணி நேரம் ஆகும்னு சொன்னேன்ல? வெளியே உட்கார்ந்திருக்க வேண்டியதுதானே?"

பிறகு அழுத்தினாள். காந்தத்தைக் குளிர வைத்திருந்த வாயு கூரைக் குழாய் வழியாகப் பேயிரைச்சலோடு வெளியேறியது. ஸ்பேனர் தரையில் விழுந்தது, அவனும் விழுந்தான்.

மூன்று விரல் போய், அவன் சிறைக்கும் போனான். பொத்தானை உடனே அழுத்தினாயா என்று விசாரணையில் அவளைக் கேட்டார்கள். "நோயாளியை வெளியே கொண்டுவர்றதுதான் முதல் விதி" என்றாள். என்னையும் கேட்டார்கள். தோள் முறிந்து கிடந்தவளுக்கு நேரமா தெரியும் என்று எரிந்து விழுந்தேன். இயந்திரம் பல வாரம் மூடிக் கிடந்தது. காந்தக்காவுக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை.

தசை ஆறியிருக்கிறதா என்று பார்க்க அந்தப் பெண் மறுபடி வந்தாள். நான் கேட்பதற்கு முன்பே தன் பெயரைத் தானே சொன்னாள். கம்மலைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டு, "எவ்வளவு நேரம் ஆகும்க்கா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டாள்.

காந்தக்கா வாசலுக்கு வந்து, அவளுக்குப் பின்னால் நடைவழியை எட்டிப் பார்த்தாள். காத்திருக்கும் பெஞ்சில் யாரும் இல்லை.

"தனியா வந்திருக்கியா? அப்போ அஞ்சு நிமிஷம்தான்" என்றாள்.