கசந்துபோன சுரைக்கொடி

இன்று காலை சுரைக்காயை நறுக்கும்போது வந்த பச்சை வாசனையில், அண்ணாமலை அடிவாரத்து வேங்கிக்காலில் நாங்கள் குடியிருந்த வீட்டுக் கொல்லை அப்படியே கண்முன் வந்து நின்றது. இப்போது அங்கே மாடி வீடுகள். கொல்லை இருந்த அடையாளமே இல்லை.

அப்பா ஓட்டிய லாரி நின்றுபோய், ரேஷன் அரிசியும் வருவதும் வராததுமாக இருந்த அந்த வருடம், பந்தலில் படர்ந்த ஒரே சுரைக்கொடியை நம்பித்தான் எங்கள் நாலு வயிறும் இருந்தன. கிணறு வற்றிவிட்டதால் அம்மா பாத்திரம் கழுவிய தண்ணீரைத்தான் அதற்கு ஊற்றுவாள். தினமும் திருநீறு பூசிக்கொண்டு ஒரு காயைப் பறிப்பாள், நறுக்குவாள், அடுப்பில் வைக்கும் முன் ஒரு துண்டைக் கடித்துப் பார்ப்பாள், ஏனென்றால் வெயிலில் வாடிய கொடி சிலசமயம் கசந்துபோகும், கசந்த காய் விஷம். அவள் மெல்லுகிற அந்த ஒரு நொடி நானும் தம்பியும் மூச்சை அடக்கிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்திருப்போம்.

ஒருநாள் அந்த முகம் சுருங்கியது. துப்பினாள். இன்னொரு காயை வெட்டினாள், அதுவும் கசந்தது.

“ரெண்டு கொதி விட்டா சரியாப் போயிடும்டி. நீ இன்னா டாக்டரா?” என்றார் அப்பா.

“நீங்க வேணும்னா துன்னுங்க. புள்ளைங்களுக்குப் போட மாட்டேன்.”

காயும் பிஞ்சுமாகக் கொடியை வேரோடு இழுத்துப் போட்டாள். மண் ஒட்டிய கையைக் கூப்பி மலையைப் பார்த்தாள்.

“அண்ணாமலையாரே, நாளைக்கு இதுங்களுக்கு நான் இன்னா போடுவேன்?”

எல்லாவற்றுக்கும் அம்மாவிடம் பதில் இருக்கும் என்று அதுவரை நம்பியிருந்த நான், தம்பியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.