ஜாக்கெட் பிட்டில் கட்டிய ரூம்

உங்கள் வீட்டு பீரோவின் கீழ்த்தட்டில் யாரும் தைத்துப் போடாத ஜாக்கெட் பிட் எத்தனை கிடக்கிறது? பொய் சொல்லாதீர்கள். போய்த் திறந்து பாருங்கள். நவராத்திரிக்கு வந்தது, வளைகாப்புக்கு வந்தது, எதற்கு வந்தது என்றே தெரியாதது. உலகத்தில் எந்தப் புடவைக்கும் ஒத்துப்போகாத ஒரு பச்சை. தொட்டாலே கரகரவென்று ஒரு ஊதா. எங்கள் வீட்டிலும் அதே கதைதான். அந்தக் குவியலை வைத்து நான் என் அண்ணிக்கு ஒரு ரூம் கட்டினேன். நிஜமாகவே ரூம். அதைச் சொல்லாமல் இருந்தால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

அண்ணி டெல்லி திலக் நகர்ப் பஞ்சாபி. அண்ணனுடன் ஒரே ஆபீசில் இருந்தவள். கல்யாணத்தில் அண்ணன் ஒரு முடிச்சுப் போட, மிச்ச முடிச்சை நாத்தனார் என்கிற கெத்தில் நான் போட்டேன். அதற்கு அவள் அம்மா எனக்கு ஒரு வாட்ச் கட்டிவிட்டார். சும்மா வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. ரிசப்ஷனில் மைக்கைப் பிடுங்கி, "அண்ணிக்கு நான் குடுக்கப் போற கிஃப்ட் செம பெருசு, வெயிட் பண்ணுங்க!" என்று அறிவித்துவிட்டேன். அப்போது என்னிடம் இருந்தது ஒரு பி.காம். டிகிரி மட்டும்தான். வேலை இல்லை.

ஆர்.கே.புரத்தில் அப்பாவின் கவர்ன்மென்ட் குவார்ட்டர்ஸ். இரண்டு ரூம், ஒரு ஹால், பின்னால் ஒரு பால்கனி. கல்யாணத்துக்கு முன்பே அண்ணி வேறு கம்பெனிக்கு மாறியிருந்தாள். வீட்டிலிருந்தே வேலை, நாள் முழுக்க கிளையன்ட் கால். எங்கே உட்கார்ந்தாலும் சத்தம். ஹாலில் டிவி. ஒரு ரூமில் நான் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்ற பெயரில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருப்பேன். அண்ணன், அண்ணி ரூமுக்கும் சமையலறைக்கும் ஒரே சுவர். ஒரு நாள் குக்கர் விசில் போட்ட போட்டில், லைனில் இருந்த ஆள், உங்கள் வீடு ரயில்வே ஸ்டேஷன் பக்கத்திலா என்று கேட்டுவிட்டான். அண்ணி சிரித்துச் சமாளித்தாள். ஆனால் அன்றைக்குத் தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

அடுத்த வாரமே மாடிப்படியில் அண்ணன் புரோக்கரிடம் கிசுகிசுப்பதைக் கேட்டுவிட்டேன். குர்கானில் வீடு.

"என்னல பண்ணுத?" என்றேன். அண்ணனை நான் மரியாதையாகக் கூப்பிட்டதே கிடையாது.

"வேற வழி இல்லட்டி. திங்கக்கிழமை அவளுக்குப் பெரிய பிரசென்டேஷன் இருக்கு. அதும் சொதப்பிச்சின்னா மாறிருவோம். அம்மாட்ட மூச்சு விடாத."

அண்ணன் போனால் போகட்டும், அவன் சாக்ஸ் நாற்றமாவது குறையும். அண்ணி போகக்கூடாது. அப்பாவிடம் எனக்காக வாதாடுகிற ஒரே ஜீவன் அவள். தயிர்சாதத்துக்கு மாங்காய் அச்சார் தொட்டுக்கொண்டு, "அத்தை, ஏ-ஒன்!" என்று சொல்லி அம்மாவை வெட்கப்பட வைக்கிறவள். அவளைக் குர்கானுக்கு விட்டுக்கொடுப்பதா? அந்தப் படிக்கட்டிலேயே முடிவு செய்தேன். மைக்கில் சொன்ன கிஃப்ட் பால்கனிதான்.

பால்கனியில் உட்கார இடம் இருந்தால்தானே. ஓட்டைக் கூலர், அதற்கு ஓர் இரும்பு ஸ்டாண்டு, ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைகளை வைக்கிற டிரங்குப் பெட்டி, கால் உடைந்த நாற்காலி, இதற்கெல்லாம் மேல் புறாக்கள். எல்லாவற்றையும் இழுத்துப் போட்டேன். பழைய சாமான் எடுக்கிற கபாடிக்காரரைக் கூப்பிட்டுக் கூலரைத் தள்ளிவிட்டேன். ஸ்டாண்டை மட்டும் கொடுக்கவில்லை. அதன் மேல் எங்கள் பழைய கேரம் போர்டைக் கவிழ்க்காமல் அப்படியே வைத்தேன். பாருங்கள், டேபிள் ரெடி! சுற்றிலும் விளிம்பு, பேனா உருளாது. நாலு மூலையிலும் பாக்கெட், சார்ஜர் வயர் உள்ளே போய்விடும். இதை ஏன் கடையில் விற்பதில்லை என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

அப்பா வந்து வாசலில் நின்று பார்த்தார். அவருக்கு ஒரே கவலைதான். "கவர்ன்மென்ட் சொவத்துல ஒரு ஆணி கூட அடிக்கக் கூடாது. காலி பண்ணும்போது நான்தான் பதில் சொல்லணும்."

"ஆணியே இல்லப்பா. கட்டுக்கயித்துலயே ரூம்!"

"என்ன எழவோ பண்ணு. ஆணி மட்டும் வேண்டாம்."

அடுத்தது சத்தம். சமையலறை ஜன்னல் நேராகப் பால்கனியில்தான் திறக்கிறது. அதாவது விசில் நேராக லேப்டாப்புக்குள். வீடியோ பார்த்து முட்டை அட்டைகளை அள்ளி வந்து, மைதாப் பசை காய்ச்சி, ஜன்னல் பக்கம் முழுக்க ஒட்டினேன். பார்க்க ஸ்டூடியோ மாதிரி இருந்தது. எல்லாருக்கும் போட்டோ அனுப்பிப் பீற்றிக்கொண்டேன். காலையில் பார்த்தால் பாதி அட்டை தரையில், மீதி அட்டையில் எறும்பு ஊர்வலம். விசில் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. சைவப் பிள்ளைமார் வீட்டுப் பால்கனியில் முட்டை அட்டை என்று அம்மா தனியாக ஒரு பாட்டுப் பாடினாள்.

திட்டிக்கொண்டே டிரங்குப் பெட்டியைத் திறந்து அட்டையை உள்ளே திணிக்கப் போனவள், உள்ளே கிடந்த பழைய ரஜாய்களைப் பார்த்துவிட்டு நின்றாள். பஞ்சு கட்டி தட்டிப்போன ரஜாய்கள். நானும் பார்த்தேன். மண்டைக்குள் பல்பு எரிந்தது. ரஜாய் போர்த்திப் படுத்தால் அப்பாவின் குறட்டை கேட்காது! டெல்லிக் குளிரில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும்.

பஞ்சு அடிக்கிறவரிடம் கொடுத்தேன். மேகம் மாதிரி ஆக்கித் தந்தார். பழைய பெட்ஷீட் மேல் பஞ்சைப் பரப்பி, மேலே துணி போட்டுக் கோணி ஊசியால் குத்தி எடுத்தால் கெட்டியான திரை. மூங்கிலில் மாட்டிக் கொடிக்கயிறு கொக்கியில் கட்டினால் போதும், ஆணி கிடையாது. பிரச்சினை மேல்துணி. சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குக் கிளம்பலாம் என்று அம்மா பீரோவில் பை தேடினேன். பையைக் காணோம். கீழ்த்தட்டு கண்ணில் பட்டது.

"ஏட்டி! அதத் தொடாத!" அம்மா சமையலறையிலிருந்து பறந்து வந்தாள். "அது குடுக்கதுக்கு வச்சிருக்கது!"

"யாருக்கு?"

"வாரவங்களுக்கு."

"அவங்க என்ன பண்ணுவாங்க?"

"வாங்கி வச்சிட்டு, அவங்க வீட்டுக்கு வாரவங்களுக்குக் குடுப்பாங்க."

"யாருமே தைக்க மாட்டாங்களா?"

அம்மா என்னைக் கோட்டிக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "இதப் போயி யாரு தைப்பா?"

இதில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. யார் கொடுத்தார்களோ அவர்களுக்கே திருப்பிக் கொடுத்துவிடக் கூடாது. அது மகா பாவம். எந்தப் பிட் எந்த மாமி தந்தது என்று அம்மாவுக்குத் தலைகீழாகத் தெரியும். தன் செல்போன் நம்பர் தெரியாது.

நான் பீரோவை மூடிவிட்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். செருப்புப் போடுகையில் அம்மா பின்னாலேயே வந்தாள். கையில் கத்தரிக்கோல்.

"அவன் போறாம்லா?" என்றாள். "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியளோ ரெண்டு பேரும்? மாடிப்படில நின்னு பேசினா திருநவேலி கொக்கிரகுளம் வரைக்கும் கேக்கும்." கத்தரிக்கோலை என் கையில் திணித்தாள். "வெட்டுட்டி. ஆனா கீழ்வீட்டு மாமி குடுத்தத மட்டும் எடுத்திராத. அவ வந்து பாத்தா என் மூஞ்சிய எங்க கொண்டு வைக்க?"

வெட்டினோம் பாருங்கள்! மாமியின் பிட்டுகளை அம்மா தனியாக ஒதுக்கி வைத்தாள். மற்றதெல்லாம் கட்டம் கட்டமாக விழுந்தது. வெட்டும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். புதுத்துணி கொடுத்தால் மூலையில் மஞ்சள் தொட்டு வைப்போம் அல்லவா? சில பிட்டில் நாலு மூலையிலும் மஞ்சள் இருந்தது! ஒவ்வொரு வீடும் தன் பங்குக்கு ஒரு மூலையில் வைத்து அடுத்த வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. பாஸ்போர்ட் முத்திரை மாதிரி. ஒரு மாம்பழக் கலர் பிட்டில் மூலை தீர்ந்துபோய் நடுவிலும் மஞ்சள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா, "சாமி காரியம், சிரிக்காதட்டி," என்று சொல்லிவிட்டுத் தானும் சிரித்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஜன்னல் பக்கத் திரை தொங்கியது. சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு அழகு. ஆனால் பிட்டும் தீர்ந்தது. பால்கனியின் கிரில் பக்கம் மொட்டையாக நின்றது. அந்தப் பக்கத்திலிருந்து குளிர்காற்று, காய்கறி வண்டிக்காரரின் குரல், கீழே பார்க்கிங் சண்டை எல்லாம் ஓசியில் உள்ளே வரும். நடுவில் ஒரு நாள்தான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டு மாமி வந்தார். கும்பகோணத்துக்காரர், அம்மாவோடு மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போகிறவர். தோசை மாவு கேட்க வந்தவர் நேராகப் பால்கனிக்குப் போய்விட்டார். கண்ணாடியை மூக்கில் ஏற்றித் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"இந்த மாம்பழக் கலர் என்னோடதாச்சே!"

அம்மாவின் முகத்தில் ரத்தம் இல்லை. "இல்ல மாமி, நீங்க தந்தது எல்லாம் பத்திரமா எடுத்து வச்சிருக்கேன். இது பின்வரிசை வீட்டு அக்கா நவராத்திரிக்குக் குடுத்தது."

"அவளுக்கு நான்தானே கொடுத்தேன்! மஞ்சளோட குங்குமமும் சேர்த்து வெப்பேன், பாரு, இங்கே இருக்கு." விரல் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது. "இந்த ஊதாவும் நான் கொடுத்ததுதான். இந்தப் பச்சை..." மாமி நிறுத்தினார். திரும்பி அம்மாவைப் பார்த்தார். "இந்தப் பச்சையை நேக்கு நீதானேடி கொடுத்தே?"

மகா பாவம்! அம்மா கொடுத்தது ஊரெல்லாம் சுற்றி அம்மாவுக்கே வந்து, இப்போது பால்கனியில் தொங்குகிறது. அம்மா இப்போதே குர்கானுக்குக் குடிபோய்விடுவாள் போலிருந்தது.

நான் வாயைத் திறந்தேன். "மாமி, அண்ணிக்கு உக்காந்து வேலை பாக்க இடம் இல்ல. இது முடியலன்னா அவங்க வீட்ட விட்டே போயிடுவாங்க. துணி பத்தல. திட்டுறதுன்னா திங்கக்கிழமைக்கு அப்புறம் திட்டுங்க."

மாமி என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு குபீரென்று சிரித்தார். "கடங்காரி! இத்தனை வருஷமா ஒருத்தரும் தெச்சுக்கலே. நீயாவது தெச்சியே! சித்த இரு."

கீழே போனவர் கை நிறையப் பிட்டோடு வந்தார். ஞாயிற்றுக்கிழமை பின்வரிசை அக்கா ஒரு பையோடு வந்தார். அவர் சொல்லி எதிர் பிளாக் பஞ்சாபி ஆன்ட்டி துப்பட்டாக்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். எல்லாரும் உட்கார்ந்து தைத்தார்கள். "அரே, இது நான் குடுத்ததாச்சே!" என்று யாராவது கத்துவதும், மற்றவர்கள் சிரிப்பதுமாக ஹாலே அதிர்ந்தது. அப்பா ஆணி இல்லாமல் மூங்கிலைக் கட்ட என்னென்னவோ முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணிக்கு ஊசி பிடிக்கத் தெரியாது. எல்லாருக்கும் அதரக் சாய் போட்டுப் போட்டு, கண் கலங்கியதற்கு இஞ்சிமேல் பழி போட்டாள்.

திங்கட்கிழமை. அம்மா அடுப்பே மூட்டுவதில்லை என்று சபதம். அண்ணி கேட்கவில்லை. "அத்தை, நீங்க குக்கர் வைங்க. தினம் வைப்பீங்கல்ல? அப்ப இன்னிக்கும் வைங்க." கேரம் போர்டு முன் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

அம்மா பருப்பை ஏற்றினாள். நான் கதவில் காதை ஒட்டிக்கொண்டேன். அண்ணன் ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். விசில் வந்தது. வீட்டுக்குள் வழக்கம் போலக் காதைக் கிழித்தது. உள்ளே அண்ணியின் குரல் நிற்கவே இல்லை. மீட்டிங் முடிந்து கதவைத் திறந்தவள் முதலில் என்னைக் கட்டிப்பிடித்தாள்.

"கேட்டுச்சா?" என்றேன்.

"லேசா. பக்கத்து வீட்ல சமைக்கிறாங்களான்னு கேட்டான். ஆமா, பக்கத்து வீடுன்னுட்டேன்!"

அம்மா கரண்டியோடு வந்து அண்ணன் முன்னால் நின்றாள். "அந்தப் புரோக்கர் நம்பர அழி. என் முன்னால அழி."

அழித்தான்.

இதை உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் இப்போது மணி பதினொன்று, அண்ணி உள்ளே மீட்டிங்கில் இருக்கிறாள், அடுப்பில் பருப்பு வேகிறது.