பதினொன்றாம் இலக்கத்துக்குப் பெயர் தேடிய சனிக்கிழமை

கிழக்கு இலண்டனிலுள்ள பார்க்கிங்குக்கு ஏன் போனேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: ஒரு பொய்யைக் காப்பாற்ற.

மூன்று வாரங்களுக்கு முன், சுவீடனின் ஆறாம் பிரிவில் ஆடும் ஒரு சிறு உதைபந்தாட்டக் கழகம் தன் பழைய அணிப் படமொன்றை இணையத்தில் போட்டிருந்தது. (கழகத்தின் பெயரைச் சொன்னால் நாக்குச் சுளுக்கும், விடுங்கள்.) படத்தில் எல்லோருக்கும் பெயர் இருந்தது, பின்வரிசை ஓரத்தில் நின்ற மெலிந்த பதினொன்றாம் இலக்கத்தைத் தவிர. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அகதி, ஒரு கோடைகாலம் எங்களுக்காக ஆடினார், யாருக்காவது தெரியுமா என்று கேட்டிருந்தார்கள். நான் சும்மா இருப்பேனா? என் பெரியப்பா, பெயர் ஓடும்பிள்ளை என்று எழுதிவிட்டேன்.

நன்றி சொல்லி லீனா என்பவர் பதில் எழுதினார். கழகத்தின் வரலாற்று நூலைத் தொகுப்பவர். பெண்கள் அணியில் தடுப்பாட்டக்காரரும்கூட. அவர்களுடைய ரசிகர்கள் இருபது பேர் ஆண்டுதோறும் இலண்டன் வந்து, தங்களைப் போன்ற ஒரு குட்டிக் கழகத்தின் ஆட்டத்தைப் பார்ப்பார்களாம். இம்முறை பார்க்கிங் பக்கம். பெரியப்பாவையும் கூட்டிவா, புத்தகம் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது என்றார். பெரியப்பாவுக்கு முழங்கால் வலி என்று சொல்லிச் சமாளிக்க ஒத்திகை பார்த்துக்கொண்டு கிளம்பினேன்.

ஸ்ட்ரெதமில் 12.50 ரயில். பிளாக்ஃப்ரையர்ஸ் வரை 25 நிமிடம், அங்கிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் பார்க்கிங் 35 நிமிடம், பிறகு பஸ்ஸில் 12 நிமிடம். மாணவர் அட்டை இருப்பதால் எனக்கு அரைக்கட்டணம், மொத்தம் மூன்று பவுணுக்குள். (பார்க்கிங்கில் பார்க்கிங் கிடையாது. இந்தப் பகிடியை நான் சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்வார்கள்.) மைதான நுழைவு 4 பவுண்.

ஆட்டம் மூன்று மணிக்கு. அதற்கு முன் லீனா புத்தகத்தின் அச்சுப்படியை என் கையில் தந்தார். கோப்பைகள் இருக்கும் என்று நினைத்துப் புரட்டினேன். ஒன்றுகூட இல்லை. மரம் அரியும் ஆலைத் தொழிலாளர்கள் ஆரம்பித்த கழகம். முதல் மைதானம் ஏரியை நோக்கிச் சரிந்திருந்ததால், பந்தை எடுத்துவர ஒருவர் படகோடு காத்திருந்தார். அவர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. சட்டைகளைத் துவைத்தவர், லொறி இரவல் தந்தவர், ஒரேயொரு நிமிடம் ஆடிக் கால் முறிந்தவர், எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. வென்றவர்களுக்குத்தான் வரலாறு என்று நினைத்திருந்த நான் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன்.

ஊரில் மூடிக்கிடந்த ஹோட்டலில் அகதிகளைத் தங்கவைத்த கோடையில் வந்தவர்தான் அந்தப் பதினொன்று. பெயர் வாயில் நுழையாததால் அவர்கள் மொழியில் ‘பதினொன்று’ என்றே கூப்பிட்டார்களாம். முழு நூலிலும் பெயரில்லாத ஒரே ஆள். அதனால் என் பதிலை ஆண்டுக் கூட்டத்தில் வாசித்தபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்றார் லீனா.

ஓடும்பிள்ளைக்கு.

முழங்கால் வலி தொண்டைவரை வந்து நின்றுவிட்டது. உண்மையைச் சொன்னேன். லீனா திட்டவில்லை. பென்சிலால் அந்தப் பெயரை வெட்டிவிட்டு, வேறு யாருக்காவது தெரியுமா என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

மைதானத்தில் தேநீர்க்கடை நடத்துபவர் தேவன் அண்ணை, யாழ்ப்பாணத்தவர், ஊரில் கழக ஆட்டக்காரராக இருந்தவர். அவரிடம் படத்தை நீட்டினேன்.

“உம்மடை பெரியப்பாவோ?”

“இல்லை அண்ணை. அப்பிடியெண்டு புளுகிப்போட்டன்.”

“முகத்திலையே எழுதியிருக்கு. எந்தக் காலாலை அடிச்சவராம்?”

நான் மொழிபெயர்த்துக் கேட்க, லீனா பையிலிருந்து அந்தக் காலத்து ஆட்டக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தார். இடது கால். ஏழு ஆட்டம், மூன்று கோல். மூலை உதைக்கு முன் சிலுவை அடையாளம் போடுவார்.

“சிலுவை போட்டவரோ? அப்ப கடற்கரைப் பக்கத்துப் பெடியன். பொறும்.”

படத்தை எடுத்துத் தன் பழைய ஆட்டக்காரர்களின் வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். கனடா, நோர்வே, பிரான்ஸ் என்று ஆள்மாறி ஆள் விசாரித்தார்கள். எந்த ஊர், யாருடைய மகன், யாருடைய மச்சான். 4.20க்கு ஜெர்மனியிலிருந்து ஒரு குரல்பதிவு வந்தது.

“ஓம், அது நான்தான், மரியதாஸ். ஆனா அவையிட்டைச் சொல்லுங்கோ, ஏழில்லை, எட்டு. கடைசி ஆட்டம் மழையிலை பாதியிலை நிண்டது. அதுக்கு முன்னம் நான் ஒரு கோல் அடிச்சிட்டன்.”

மொழிபெயர்த்துச் சொன்னேன். லீனா குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்துக்குப் போனார். மழையால் கைவிடப்பட்ட ஆட்டம், ஒன்றுக்குப் பூச்சியம். கோல் அடித்தவரின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடு. லீனா திரும்பித் தன் ஆட்களிடம் ஏதோ சொன்னார். இருபது சுவீடன்காரர்களும் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி எழுந்து, ஒரு கைத்தொலைபேசியைப் பார்த்துக் கைதட்டினார்கள். தனக்குத்தான் என்று நினைத்த பந்துக்காப்பாளர் கையசைத்தார்.

உலகத்தின் இரண்டு மூலைகளில் இரண்டு கூட்டங்கள் ஒரே கோலை இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்திருக்கின்றன. ஒன்று கடதாசியில், மற்றது தலைக்குள். எனக்கு இன்னும் மயிர்க்கூச்செறிகிறது.

போக நினைப்பவர்களுக்கு: 2.15க்கே போய்விடுங்கள். மட்டன் ரோல்ஸ் ஒன்றரைப் பவுண், இடைவேளைக்கு முன்பே தீர்ந்துவிடும். கூரை வடக்குப் பக்கம் மட்டும்தான், குடை கொண்டுபோங்கள். படம் போட்ட அடையாள அட்டையையும் மறக்காதீர்கள். நன்றிப் பக்கத்தில் என் பெயரையும் போடுவதாகச் சொன்ன லீனா, நான் சொன்ன பெயரை எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டு, அட்டையைக் காட்டு என்றார்.