குடும்பப் படத்தில் கறுப்பி

கல்யாண வீட்டில் லைட் பிடிக்கிறவனுக்கு இரண்டே வேலை: வெளிச்சம் மற்றவர்கள் முகத்தில் விழ வேண்டும், அவன் படத்தில் விழக் கூடாது. முப்பத்தொரு வருஷம் நான் இரண்டையும் ஒழுங்காகச் செய்தேன்.

அந்தச் சனிக்கிழமை காலையில் என் வீட்டு முற்றத்தில் இருந்தவர்கள்: நான், என் நாய் கறுப்பி, பக்கத்து வீட்டு ரோஸம்மா, அவளுடைய கோழி ஒன்று. புதுக்கடையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஸ்டீபன் இரவல் தந்த கேமரா, ஃபிளாஷ், ஸ்டாண்டு, வெள்ளைக் குடை. இருபத்துநாலு பிஸ்கட்.

எங்கள் சர்ச் சபையில் குடும்ப டைரக்டரி அச்சடிக்கிறார்கள், வீட்டுக்கு ஒரு படம். நான் கல்யாணம் பண்ணாதவன். போன புத்தகத்தில் என் பெயருக்கு மேலே வெறும் கட்டம்தான் இருந்தது. இந்தத் தடவை அது நிறைய வேண்டும், ஏழு வருஷமாக என்னோடு இருக்கிற கறுப்பியும் அதில் இருக்க வேண்டும். செயலாளரிடம் கேட்டேன். "நாயா? ஞாயித்துக்கெழம படத்தைக் கொண்டாரும், பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றார். வேறு யாராவது கேமரா பிடித்தால் என் முகம் இறுகிவிடும். அதனால் நானே எடுக்க முடிவு செய்தேன். நாயோடு படம் எடுத்துப் பார்த்தவர்களுக்கு மீதிக் கதை தெரியும்.

இரண்டு பச்சைக் கண்

முதலில் ஃபிளாஷைக் கேமராவின் தலையிலேயே வைத்து, கறுப்பியை மடியில் இருத்தி இரண்டு படம் எடுத்தேன். என் வெள்ளைச் சட்டை டியூப்லைட் மாதிரி எரிந்தது. மடியில் ஒரே இருட்டு, அதில் இரண்டு பச்சைக் கண்.

சாம்பல் நிறச் சட்டைக்கு மாறினேன். ஃபிளாஷைக் கழற்றி, இடது பக்கம் தள்ளி, குடைக்குள் அடிக்கும்படி ஸ்டாண்டில் மாட்டினேன். மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டில் மடிப்புத் தெரிவதற்கு நான் நிற்கிற இடம் அது. கறுப்பியின் முதுகில் முடி முடியாகத் தெரிந்தது. ரோஸம்மா எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "கொள்ளாம் மாமா, நல்லா இருக்கு. மொதல்ல எடுத்ததுல மடியில கரிச்சட்டிய வெச்சிருந்த மாதிரில்லா இருந்தது."

டைமர் சத்தம்

கறுப்பி நேரே பார்க்க வேண்டும் என்று லென்ஸுக்குக் கீழே ஒரு பிஸ்கட் வைத்தேன். டைமரை அமுக்கிவிட்டு ஓடிவந்து உட்கார்ந்தேன். டைமர் கீ கீ என்றதும் அது மடியிலிருந்து குதித்துப் பிஸ்கட்டுக்குப் போய்விட்டது. மூன்று படம், மூன்று பிஸ்கட். ஸ்டீபனுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது: "அண்ணே, மூக்கு நல்ல ஃபோகஸ்ல இருக்கு. மீதிய எங்க?"

காணாமல் போனவர்

முறையை மாற்றினேன். பிஸ்கட் என் சட்டைப் பையில். ஃபிளாஷ் அடித்த பிறகுதான் கொடுப்பேன். இந்த முறையில் ஐந்து பிஸ்கட் போனதும் கறுப்பிக்கு விஷயம் பிடிபட்டது. வெளிச்சம் வரும்வரை சிலை மாதிரி இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த நாலு படத்தில் கறுப்பி அழகாக இருந்தது, நான் இல்லை. டைமர் வேகமாக அடிக்கத் தொடங்கியதும் என் உடம்பு தானாகக் கறுப்பிக்குப் பின்னால் சாய்ந்து மறைந்துவிடுகிறது. முப்பத்தொரு வருஷப் பழக்கம். நாலு படத்திலும் மிஞ்சியது என் தோள்பட்டைதான். நாலு பிஸ்கட்டும் போயிற்று. ரோஸம்மா இனயம் பக்கத்துக்காரி, நாயைப் பட்டி என்றுதான் சொல்வாள். "பட்டிக்குப் படத்துல இருக்கத் தெரியுது மாமா. இனி பிஸ்கட்ட உங்களுக்குத்தான் குடுக்கணும்."

சுவரோரம்

நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டேன். பின்னால் போக இடமே இல்லை. ஆனால் சுவரில் என் நிழல் பூதம் மாதிரி விழுந்தது. குடையை ஒரு முழம் உயர்த்தினேன், நிழல் நாற்காலிக்குப் பின்னால் இறங்கிவிட்டது. ஐந்தாவது படத்தில் நானும் கறுப்பியும் ஒன்றாகக் கேமராவைப் பார்த்தோம்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பிரிண்டைச் செயலாளரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். வந்து குவிந்திருந்த மற்றப் படங்களையும் ஒருமுறை புரட்டினார். பிறகு பேனாவைத் திறந்தார்: "இவ்வளவு படத்துலயும் கண்ண மூடாம நேரா பாக்கியது இது ரெண்டும்தான். நாயிக்க பேரச் சொல்லும், எழுதணும்."

மின்னல்

அன்று சாயங்காலம் இடியும் மின்னலுமாக மழை. முன்பெல்லாம் கறுப்பி அலமாரிக்குப் பின்னால் ஒளியும். அன்று வாசலில் போய் நிமிர்ந்து உட்கார்ந்து வானத்தைப் பார்த்தது. ஒவ்வொரு மின்னலுக்கும் திரும்பி என் சட்டைப் பையைப் பார்த்தது. ரோஸம்மா அவள் வீட்டு நடையிலிருந்து கூப்பிட்டுச் சொன்னாள்: "ஊருப் பட்டி எல்லாம் கட்டிலுக்கடியில கெடக்குது. உங்க பட்டி மின்னலுக்குப் போஸ் குடுக்குது, பாத்தியளா?"

படம் எடுத்தது போக மீந்த பிஸ்கட் ஏழு. வானமும் இப்படி ஃபிளாஷ் அடித்துக்கொண்டிருந்தால் அந்த ஏழும் ஒரு மழைக்குக் காணாது.