மதிப்புக்குரிய எதிரணி நண்பர்

போன கிழமை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போன நான், இஞ்சித் தேநீர் மணத்துக்கு மயங்கி ஒரு கடைக்குள் நுழைந்துவிட்டேன். பக்கத்து மேசையில் இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் எதிரெதிரே இருந்து, வாயே திறக்காமல், முகநூலில் ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டிருந்தார்கள். விஷயம் தேர்தல்தான். இடையில் ஒருவன் தலையை நிமிர்த்தி, "சீனி போதுமோடா?" என்றான். மற்றவன் "ஓம்" என்றுவிட்டு மறுபடியும் எழுதத் தொடங்கினான்.

நான் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் எங்கள் அறையிலும் இதே இஞ்சி மணம்தான். வல்வெட்டித்துறைக் குகனும் நானும் பலாலி வீதிக்குப் பக்கத்தில் ஒரு பின்னறையில் வாடகைக்கு இருந்தோம். என் வீடு கொக்குவிலில், சைக்கிளில் போய்விடும் தூரம். படிப்பதற்காக அறை எடுத்ததாக அம்மாவை நம்ப வைத்திருந்தேன்.

அப்போதும் ஒரு தேர்தல் வந்தது. வாக்களிப்பதா, புறக்கணிப்பதா என்று எங்கள் வகுப்பு அறிக்கை விட விரும்பியது. அதற்கு முன் ஒரு விவாதம். புறக்கணிக்கச் சொல்லிக் குகன், வாக்களிக்கச் சொல்லி நான். பாடசாலையிலிருந்து கொண்டுவந்த விதி ஒன்று எங்களிடம் இருந்தது. எதிராளி சொன்னதை முதலில் நீ திருப்பிச் சொல்ல வேண்டும். அவன் அதை ஒப்புக்கொண்ட பிறகுதான் மறுக்கலாம். அதோடு மரியாதையாகவும் பேச வேண்டும். காலையில் கேட்காமல் என் சாரத்தைக் கட்டிக்கொண்டு போனவனைப் பின்னேரம் "மதிப்புக்குரிய எதிரணி நண்பர்" என்று அழைப்பது லேசான வேலையில்லை.

குகனின் அண்ணன் போரில் காணாமல் போனவர். பிள்ளை எங்கே என்று கேட்டுப் படத்தோடு வீதியோரத்தில் இருக்கும் தாய்மாரில் அவன் அம்மாவும் ஒருவர். "வாக்குக் கேட்டு வந்த எல்லாரும் அம்மான்ரை கையைப் பிடிச்சவை. ஒருத்தரும் பதில் சொல்லேல்லை. பிறகும் அவ போய் வாக்குச்சீட்டிலை புள்ளடி போட்டால் அதுக்கு என்ன அர்த்தம்?" என்றான்.

"வாக்களித்துப் பயனில்லை என்கிறார் நண்பர்" என்றேன்.

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"அரசியல்வாதிகள் பொய்யர்கள் என்கிறார்."

"அதுவுமில்லை."

கடைசி வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அலங்காரத்தை எல்லாம் விட்டுவிட்டு, "போட்டால், மகனைத் தேடினது போதும் எண்டு அம்மாவே சொன்ன மாதிரி ஆகிடும்" என்றேன்.

"ஓம். அதுதான்."

பிறகு, வாக்களிக்க வேண்டும் என்ற என் கட்சியை நான் பேசினேன். அவனும் என் கட்சியைத் திருப்பிச் சொன்னான். "நாங்கள் போடாட்டி, கேக்க ஆளில்லை எண்டு அவைக்கு வசதி. அம்மான்ரை சத்தமும் அதோட போயிடும்." நான் சொன்னதைவிட நன்றாகச் சொல்லித் தொலைத்தான்.

"மாணவர்கள் ஆழ்ந்து சிந்தித்து வருகின்றனர்" என்று அறிக்கை போனது. எந்தப் பத்திரிகையும் அதைப் போடவில்லை.

தேர்தலன்று நான் அறையிலேயே படுத்துக் கிடந்தேன். பின்னேரம் ஊரிலிருந்து வந்த குகனின் விரலில் மை.

"அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டிட்டு வாறன். நீ போட்டனியோ?"

"இல்லையடா. நீ சொன்னது சரியெண்டு பட்டுது."

வயிறு நோகச் சிரித்தோம். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றைக்கும் வேண்டும்.

இப்போது எங்கள் வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. இந்தத் தேர்தலுக்குக் குகன் கனடாவிலிருந்து நீளமாக ஒன்று எழுதினான். "இனி ஒருத்தரும் வோட்டுப் போடாதேங்கோ" என்று தொடங்கியது. "துரோகி", "குளிருக்குள்ளை இருந்து கதைக்காதை" என்று பதில்கள் வந்து குவிந்தன. நானும் என் பங்குக்குக் காரமாக ஒன்று எழுதினேன். அனுப்பின கையோடு அவன் அழைத்தான்.

"மச்சான், நீயுமோடா கடைசி வரைக்கும் வாசிக்கேல்லை?" என்றான். "அம்மா செத்ததையெல்லோ கடைசியிலை எழுதியிருந்தனான்."