நெருப்பில் வெடித்த நீலக்கல்

நூர் முஹம்மது பாயின் குரல் எனக்கு அத்துப்படி. இருமித் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அசல் நீலம் நெருப்புல குளிக்கும்மா, கண்ணாடிதான் வெடிக்கும்" என்பார். தி.நகரில் வைரவன் அண்ணாச்சியின் நகைக்கடை மாடியில் இருபது வருஷமாகக் கல் பதித்தவர். நான் கீழே விற்பனைக்கு நிற்பவன். அவரைப்போலப் பேசிக் காட்டினால் கடையே சிரிக்கும். ஒருநாள் படிக்கட்டில் நின்று கேட்டுவிட்டார்.

"இன்னா நைனா, இருமலை வுட்டுட்டியே!"

எழுபத்து மூன்றாம் வருஷம் ராஜா அண்ணாமலைபுரத்துப் பங்கஜம் அம்மாள் நீலக்கல் தோடு ஒரு ஜோடி கொண்டுவந்தார். ஒன்றில் திருகாணித் தண்டு உடைந்திருந்தது. மழை விட்ட மறுநாள் அடையாற்றுக் கடல் ஓரத்தில் பச்சை கலந்து தெளியுமே, அந்த நீலம். பக்கத்தில் வைத்தால் எங்கள் கடை நீலமெல்லாம் மைக்கறை.

"ஆத்துக்காரர் கொழும்புலேர்ந்து வாங்கிண்டு வந்தது. அவர் போனப்புறம் இது ஒண்ணைத்தான் காதுல வெச்சிண்டிருக்கேன்."

நீலமென்றால் பாய் கல்லைக் கழற்ற மாட்டார். கல்லோடேயே தீயை ஊதி உடைந்த தண்டைப் பற்றவைத்துவிடுவார். மாடியிலிருந்து அவர் குரல் கேட்டது. "இன்னா கல்லு இது, லேசா சூடு பட்டா சாம்பலை இழுக்குது!" கீழே நான் அந்த அம்மாளுக்கு அவர் குரலில் நெருப்புக் குளியல் வசனத்தை எடுத்துவிட்டேன். அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார்.

பாய் இறங்கிவந்தார். உள்ளங்கையில் தோடு. கல் குறுக்கே பிளந்திருந்தது.

"என் நெருப்புல வெடிச்சிட்சும்மா. தப்பு என்னுது."

"நீலம் வெடிக்காதுன்னு இப்பத்தானே இந்தப் பிள்ளை உங்களாட்டம் சொன்னான்?"

அண்ணாச்சி எழுந்தார். "அப்ப இது கண்ணாடி. அசல் கல்லு எங்க பாய்?"

பாய் என்னைப் பார்த்தார். "நைனா, நீ சொல்லு. நான் கல்லை மாத்துவனா?"

நான் வளையல் தட்டை எடுத்து அலமாரியில் அடுக்கினேன். அண்ணாச்சி என் முதலாளி.

அதன்பிறகு எந்தக் கடையும் அவர் கையில் கல் கொடுக்கவில்லை. திருவான்மியூர் பஸ் நிலையத்தில் எலுமிச்சம்பழம் விற்றார். இரண்டே வருஷம். அந்த இருமலிலேயே போய்விட்டார்.

எழுபத்தாறில் கடைக்கு பம்பாயிலிருந்து கல் பரிசோதகர் ஒருவர் வந்தார். பங்கஜம் அம்மாள் மிச்சமிருந்த தோட்டைக் காட்டினார். பரிசோதகர் அதை விளக்கில் லேசாகச் சூடாக்கி, ஊதுவத்திச் சாம்பல்மேல் பிடித்தார். சாம்பல் எழும்பி ஒட்டியது.

"நீலம் இல்லம்மா, டூர்மலின். சூடு பட்டா சாம்பலை இழுக்கிற கல்லு. இந்த நிறம் கிடைக்கவே கிடைக்காது. நெருப்பு மட்டும் காட்டாதீங்க, வெடிச்சிடும்."

பங்கஜம் அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சி, "பழைய கதை, விடுங்க" என்றார்.

அன்றே ஆதம்பாக்கம் போய் பாயின் மனைவி ஜமீலுன்னிசாவிடம் சொன்னேன். அவர் அழவில்லை.

"எனுக்குத் தெரியாதா? என்கிட்ட இன்னாத்துக்கு சொல்றே? அந்தக் கடையில நின்னுதானே அவரை மாதிரி பேசினே? அங்கயே போய் சொல்லு. உன் குரல்ல சொல்லு."

மறுநாள் முகூர்த்தக் கூட்டம். கடை நடுவில் நின்று உரக்கச் சொன்னேன். "நூர் முஹம்மது பாய் கல்லை மாத்தலை. அந்தக் கல்லே நெருப்பு தாங்காத கல்லு."

"இப்பமே வெளிய போலே!" என்றார் அண்ணாச்சி.

வளையல் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் தலை நிமிர்ந்தாள்.

"எந்த பாய்?"